சமையல்காரியாகப் பந்திப்பூர் போனது

ஏற்காடு
22-2-1987

பிஸ்மில்லா.

என் கண்ணு ஷஹீதாவுக்கு அம்மா ஆசியா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையில் நானும் உன் அத்தாவும் தங்கச்சி ஜரீனாவும் இந்தக் குளிரிலும் தும்மல் இருமல் இல்லாமல் இருக்கிறோம். நீயும் அந்த ஜித்தாவில் வேளைக்குச் சாப்பிட்டு, டியூட்டி முடிந்ததும் காலுக்கு வெந்நீர் ஊற்றி, தலைக்கு எண்ணெய் வைத்து நன்றாக இருக்கிறாய் என்று உன் கையால் எழுதி வந்தால்தான் என் மனசு நிற்கும். எண்ணெய் வைக்கிறேன் என்று பொய் எழுதாதே, நீ அனுப்பிய போட்டோவில் முடி பறப்பதை நான் பார்த்துவிட்டேன். இங்கே காபிப் பழம் பறித்து முடிந்துவிட்டது, ஆரஞ்சு இந்த வருஷம் புளிப்பு, வாழவந்தி பஸ் வழக்கம்போல் நினைத்த நேரத்துக்கு வருகிறது. ஜரீனாவுக்குக் கணக்கில் மட்டும் மார்க்கு குறைவு, கேட்டால் டீச்சர் சரியில்லை என்கிறாள்.

ஆஸ்பத்திரியில் இன்னும் இரண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போடச் சொல்கிறார்கள், ஊருக்கு வந்தாலும் அத்தா முகம் கொடுத்துப் பேசப் போவதில்லை, அதற்கு இங்கேயே இருந்துவிடட்டுமா என்று கேட்டிருந்தாய். நீ போன நாளிலிருந்து அவர் உனக்கு ஒரு வரி எழுதவில்லை என்பது உண்மை. உன் கடுதாசியை நான் சத்தமாகப் படிக்க ஆரம்பித்தால் துண்டை எடுத்துக்கொண்டு காரைத் துடைக்கப் போய்விடுவார் என்பதும் உண்மை, அந்தக் காரும் அதற்கு மேல் பளபளக்க இடமில்லாமல் நிற்கிறது. உன் கேள்விக்குப் பதில் எழுதத்தான் இத்தனை தாளையும் எடுத்து வைத்திருக்கிறேன். ஆனால் அந்தப் பதில் பந்திப்பூர் காட்டைச் சுற்றிக்கொண்டுதான் வரும், நடுவில் தாண்டிப் படிக்காதே, உன் புத்தி எனக்குத் தெரியும்.

ஆமாம், காட்டைச் சுற்றினேன், நான்தான். இருபத்தைந்து வருஷமாக உன் அத்தா ஊர் ஊராக டூரிஸ்ட்காரர்களை ஏற்றிப் போய் யானை பார்த்தேன், காட்டெருமை பார்த்தேன் என்று வந்து சொல்வார், நான் சேலத்துக்குக் கீழே இறங்கினால் அது கல்யாணம் அல்லது மௌத்து. இந்தத் தடவை என்ன நடந்தது என்றால், முதலாளி இஸ்மாயில் பாய் சேலத்திலிருந்து ஒரு பார்ட்டியை அனுப்பினார். புருஷன் பெண்சாதி இரண்டே பேர். அவர் பெயர் மாதேஸ்வரன், ரயில்வேயில் கார்டாக இருந்து ரிட்டயர் ஆனவர், வயிற்றில் புண், ஓட்டல் சாப்பாடு ஆகாது, அதனால் அடுப்பும் அரிசியும் சமையல் ஆளும் காரிலேயே வர வேண்டும் என்பது பேச்சு. எப்போதும் சமைக்கப் போகிற செம்மநத்தம் சின்னனுக்குப் புறப்படுவதற்கு முந்தின நாள் பொன்னுக்கு வீங்கி வந்து முகம் பூசணிக்காய் மாதிரி ஆகிவிட்டது. உன் அத்தா தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். இந்த டிரிப்பும் போனால் சீசன் வரும்வரை முதலாளி வேறு டிரைவரைப் போட்டுவிடுவார் என்று பயம். நான் வருகிறேனே, எஸ்டேட் பங்களாவில் துரைமார்களுக்கெல்லாம் பத்தியச் சமையல் செய்த கைதானே என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, டிரிப்பு காரில் சம்சாரத்தை ஏற்றினால் முதலாளி சீட்டைக் கிழித்துவிடுவார் என்றார். அதுவும் நிஜம்தான், போன வருஷம் ஒரு டிரைவர் மாமியார் வீட்டையே ஏற்றிக்கொண்டு ஊட்டி போய் வேலை போயிற்று. அப்படியானால் சம்சாரம் என்று சொல்ல வேண்டாம், சமையல்காரி என்று சொல்லுங்கள் என்றேன். ஜரீனாவைப் பக்கத்து வீட்டு ராசாத்தி அக்காவிடம் விட்டேன், ஒரு பெட்டி, ஒரு ஸ்டவ், முக்காட்டை நன்றாக இழுத்து விட்டுக்கொண்டு சேலத்தில் போய் அந்த ரயில்வேக்காரர் சம்சாரம் பக்கத்தில் பின்சீட்டில் உட்கார்ந்தேன். இவ்வளவு சுலபம் என்று தெரிந்திருந்தால் நான் பத்து வருஷத்துக்கு முன்னாலேயே சின்னனுக்கு எங்கிருந்தாவது பொன்னுக்கு வீங்கியை ஒட்டவைத்திருப்பேன்.

கார்டு ஐயா முன்சீட்டில்தான் உட்காருவேன் என்று பிடிவாதம். வேலையில் இருந்த காலமெல்லாம் கடைசிப் பெட்டியில் நின்று விட்டுப்போன ஊரையே பார்த்தவராம், இனிமேல் வருகிற ஊரைப் பார்க்க வேண்டுமாம். அதனால் அவருக்கும் உன் அத்தாவுக்கும் முன்னால் ஒரு பேச்சு, எனக்கும் அவர் சம்சாரம் கண்ணம்மாளுக்கும் பின்னால் ஒரு பேச்சு. கண்ணம்மாள் ஓமலூர்க்காரி, நல்ல மனசு, ஆனால் எல்லாம் தெரிந்தாக வேண்டும். பவானி தாண்டுவதற்குள் என் பூர்வீகமே கேட்டுவிட்டார். நானும் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை, அல்லா சாட்சி. ஊட்டுக்காரர் இருக்கிறாரா என்றார், இருக்கிறாருங்க என்றேன். என்ன வேலை என்றார், வெளியூர் வெளியூராகப் போகிற வேலைங்க, என்னை ஒரு இடத்துக்கும் கூட்டிப் போனதில்லைங்க என்றேன். கண்ணாடியில் உன் அத்தா கண் தெரிந்தது, கியரைப் போட்ட வேகத்தில் கார் ஒரு குலுக்கு குலுக்கியது. பாவம், இந்த மாதிரி ஆம்பிளைங்களும் இருக்கறாங்களே என்று அந்தம்மா எனக்கு ஒரு கொய்யாப்பழம் கொடுத்தார்.

வழியைப் பற்றி எழுத வேண்டும். பவானிப் பக்கம் ரோட்டின் இரண்டு பக்கமும் மஞ்சள் வேக வைக்கிறார்கள், கார் முழுக்க அந்த வாசம். பண்ணாரி தாண்டியதும் காடு. ஆனால் நம் மலைக் காடு மாதிரி ஈரமும் பச்சையும் கிடையாது. முள்ளும் மூங்கிலும், இலை உதிர்ந்த மரமும், நடுநடுவே இலையே இல்லாமல் பூ மட்டும் பற்றி எரிகிற மாதிரி புரச மரம். திம்பம் மலையில் வளைவு நம் ஏற்காட்டைவிட ஏழு அதிகம், கார்டு ஐயா எண்ணிக்கொண்டே வந்து அதைச் சொன்னபோது உன் அத்தாவுக்கு முகம் சுருங்கிவிட்டது, அதிகம் இருந்தா ஆச்சுங்களா, நம்மூரு வளைவுதான் வளைவு என்றார், ஏதோ தானே வெட்டின ரோடு மாதிரி. எனக்கு அதிசயம் எதுவென்றால், அவ்வளவு உயரம் ஏறினோம், இறங்கவே இல்லை. மேலே போனால் அங்கேயே பரந்த சமவெளி, சிவந்த மண், ராகித் தாள் போர், மாட்டு வண்டி. மலை உச்சியில் ஏறி நின்றால் அந்தப் பக்கம் பள்ளம் இருக்க வேண்டும் என்று இத்தனை வயசுவரை நினைத்திருந்தேன். அங்கே மலைக்கு மேலே ஒரு தேசமே இருக்கிறது. பேச்சும் கன்னடம், எனக்கு உப்பு வாங்கவே கையால் அபிநயம் பிடிக்க வேண்டியிருந்தது.

பந்திப்பூரில் பாரஸ்ட் பங்களாவில் இடம். சாயங்காலம் பார்த்தால் வாசலிலேயே புள்ளிமான், நம் ஊரில் ஆடு நிற்கிற மாதிரி நிற்கிறது. உன் அத்தா தொழுதுவிட்டுத் தொப்பியைக் காரின் மேல் வைத்தார், ஒரு குரங்கு எடுத்துக்கொண்டு போய் மரத்தில் உட்கார்ந்து முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்துத் தூக்கிப் போட்டது. அந்தத் தொப்பியைத் துவைக்கப் போடுங்கள் என்று நான் எத்தனை நாளாகச் சொல்கிறேன். அன்றைக்கு நான் சமையல்காரி, சொல்ல உரிமை இல்லை. சிரிக்க மட்டும் உரிமை இருந்தது, சிரித்தேன்.

வம்பு ஆரம்பித்தது அங்கேதான். உன் அத்தாவுக்கு ரத்தக்கொதிப்பு, உப்பு ஆகாது என்று உனக்குத் தெரியும், நர்ஸ் நீதான் எழுதி எழுதிச் சொன்னாய். அதனால் குழம்பில் உப்புப் போடும் முன்னால் ஒரு கிண்ணம் தனியாக எடுத்து வைத்தேன். கண்ணம்மாள் அதைப் பார்த்துவிட்டார். டிரைவருக்கு மட்டும் என்ன தனிக் கிண்ணம் என்று கேட்கவில்லை, பார்த்தார், அவ்வளவுதான். மறுநாள் விடியற்காலையில் பல் தந்தி அடிக்கிற குளிர், நான் ஸ்டவ்வுக்கு முன்னால் நடுங்கிக்கொண்டிருந்தேன். உன் அத்தா காரில் போர்த்திப் படுத்திருந்த கம்பளியைக் கொண்டுவந்து ஒன்றும் பேசாமல் என் தோளில் போட்டுவிட்டுப் போனார். இருபத்தைந்து வருஷத்தில் வீட்டில் ஒரு நாள் செய்ததில்லை கண்ணு, பெண்சாதிக்குச் செய்யக் கூச்சம், சமையல்காரிக்கு என்றதும் மனசு வந்துவிட்டது. திரும்பிப் பார்க்கிறேன், ஜன்னலில் கண்ணம்மாள்.

அன்றைக்குக் காட்டுக்குள் போகும்போது அந்தம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு காதோடு சொன்னார். அந்த டிரைவருக்கு ஏற்காட்டில் குடும்பம் இருக்கிறதாம், கார்டு ஐயாவிடம் அவரே சொன்னாராம். சம்சாரத்தைப் பற்றிப் பேசும்போது முகமே மாறுகிறதாம், நொம்பக் கெட்டிக்காரியாம், கைப்பக்குவம் யாருக்கும் வராதாம், வாய் மட்டும் கொஞ்சம் நீளமாம். அப்படிப்பட்ட பெண்சாதியை வைத்துக்கொண்டு இந்த ஆள் இங்கே கம்பளி போர்த்துகிறார், உனக்கும் ஊட்டுக்காரர் இருக்கிறார், கவனமாக இரு என்றார். நான் முக்காட்டுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டேன். சிரிப்பை அடக்கினதில் தோள் குலுங்கியது, அழுகிறேன் என்று நினைத்து முதுகைத் தடவிக் கொடுத்தார். வாய் நீளம் என்று சொன்னதற்காக மறுநாள் காலை டிரைவருக்கு மட்டும் டீ வரவில்லை. எதற்கு என்று அவருக்குத் தெரியாது, கேட்கவும் முடியாது. சம்பளத்துக்கு வந்த சமையல்காரியிடம் எப்படிக் கேட்பார்.

பந்திப்பூரிலிருந்து முதுமலைக்கு வருகிற வழியில் ஒரு வளைவு திரும்பினதும் ரோட்டின் நடுவில் யானை. ஒற்றை ஆண் யானை, கொம்பு இரண்டும் மண் பூசி, காதை விரித்துக்கொண்டு. உன் அத்தா என்ஜினை நிறுத்தாமல் கையால் எல்லோரையும் அசையாதே என்று காட்டினார். அது இரண்டு எட்டு வைத்தது, தும்பிக்கையைத் தூக்கியது. முன்சீட்டைத் தாண்டி உன் அத்தா சட்டையைப் பிடித்துக்கொண்டு, வீட்டில் கூப்பிடுகிற மாதிரியே, “ஷஹீதா அத்தா” என்று கூப்பிட்டுவிட்டேன். அவர் திரும்பாமலே ஒரு கையால் என் கையைப் பிடித்து அழுத்தினார். கார் துளித்துளியாகப் பின்னால் நகர்ந்தது. யானை எங்களைப் பார்த்தது, பிறகு இதுகளைப் போய் என்ன செய்வது என்று நினைத்ததோ என்னவோ, ஒரு மூங்கிலைப் பிடுங்கி வாயில் போட்டுக்கொண்டு காட்டுக்குள் போய்விட்டது. அப்புறம் கண்ணம்மாள், என்னவோ கத்தினாயே, அது என்ன என்றார். பயம் வந்தா எங்க வாயில வர்ற வார்த்தைதானுங்க என்றேன். அதுவும் பொய் இல்லை. முன்சீட்டில் கார்டு ஐயா என்னைத் திரும்பி ஒரு பார்வை பார்த்தார், பிறகு ஜன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டார், மீசை மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.

தெப்பக்காட்டில் வளர்ப்பு யானைகளுக்குச் சாப்பாடு கொடுப்பதைப் பார்த்தோம். ராகிக் களியும் சோறும் வெல்லமும் பெரிய பெரிய உருண்டையாகப் பிடித்து வாயில் வைக்கிறார்கள். கார்டு ஐயா அதைப் பார்த்துவிட்டு, எனக்குத் தினமும் கஞ்சி, அதுக்கு வெல்லம் போட்டுக் களியா என்று சண்டைக்கு வந்தார். மத்தியானம் மசினகுடிப் பக்கம் ஆற்றங்கரையில் நிழல் பார்த்து ஸ்டவ்வை இறக்கினோம். மோயாறு அங்கே பாறைக்கு நடுவில் சத்தமில்லாமல் போகிறது, எதிர்க்கரையில் மயில்கள், அதற்குப் பின்னால் நீலமாக நீலகிரி சுவர் மாதிரி நிற்கிறது. நான் உலை வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். கண்ணம்மாளுக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை. டிரைவருக்குக் குடும்பத்தை ஞாபகப்படுத்தியே தீருவது என்று, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, ஊட்ல சௌக்கியமா, பொண்ணு ஜித்தாவுல இருக்குதாமே என்று ஆரம்பித்தார்.

அப்புறம் உன் அத்தா பேசினது உனக்கு நேராகத் தெரிய வேண்டும், அதனால் ஒரு வார்த்தை கூட்டாமல் எழுதுகிறேன். முதலில் பெருமை. பெரிய ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கிறாய், தனியாக ஏரோப்ளேன் ஏறிப் போனாய், இந்த மலையில் வேறு எந்தப் பொண்ணுக்கும் அந்தத் தைரியம் வராது, அவளுக்கு இங்கிலீஷ் தெரியும், அரபிகூட இப்போது கொஞ்சம் பேசுகிறாளாம் என்று. அரபி பேசுகிறாய் என்று நீ எழுதின கடுதாசியை நான் படித்தபோது அவர் வெளியே கார் துடைத்துக்கொண்டிருந்தார். அப்படியென்றால் துணி காரில், காது ஜன்னலில். நான் சும்மா இருந்திருக்கலாம். ஆனால் இந்த மாதிரி ஒரு சந்தர்ப்பம் எனக்கு வீட்டில் என்றைக்குக் கிடைக்கும். அகப்பையைக் கையில் வைத்துக்கொண்டே, முகத்தைப் பார்க்காமல் கேட்டேன்.

“ஏனுங்க டிரைவரே, அப்படிப்பட்ட பொண்ணுக்கு நீங்க கடுதாசி போடறதுண்டுங்களா?”

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். வீடாக இருந்தால் துண்டை எடுத்துக்கொண்டு போயிருப்பார். அங்கே எங்கே போவது, ஒரு பக்கம் ஆறு, ஒரு பக்கம் கண்ணம்மாள்.

“போடறதில்லீங்க” என்றார்.

“பெத்த புள்ள மேல அவ்வளவு கோவமுங்களா?”

“கோவமெல்லாம் இல்லீங்க சமையக்காரம்மா” என்றார். ஆற்றைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னார். “அவ பொறப்பட்ட அன்னிக்கு நான் காருக்கு அடியில படுத்துட்டனுங்க. வண்டியில ஒரு ரிப்பேரும் இல்ல. புள்ள வந்து குனிஞ்சு, அத்தா, போய்ட்டு வர்றேன்னா. வாயத் தொறந்தா அழுதுருவன்னு ஸ்பேனரை வெச்சுத் தட்டிக்கிட்டே கெடந்தனுங்க. அவ நின்னா, கால் தெரிஞ்சுது. அப்பறம் கால் போயிருச்சு. பஸ்ஸு சத்தம் அடங்கற வரைக்கும் தட்டுனனுங்க. அப்பன் வழியனுப்பக்கூட வரலேன்னுதானுங்க புள்ள போயிருக்கும். இப்ப உக்காந்து எழுதுனா, அதை எப்படீங்க எழுதறது?”

ஷஹீதா, அன்றைக்கு நானும் உன்னோடு பஸ் ஸ்டாண்டுக்கு வந்தவள்தானே, அந்தத் தட்டுகிற சத்தத்தை நானும் கேட்டேன். இவ்வளவு கல் மனசா என்று அன்றைக்கு ராத்திரி அவருக்குச் சோறு போடாமல் படுத்தேன். அவரும் ஏன் என்று கேட்கவில்லை, பசியோடுதான் படுத்தார். இத்தனை நாள் பக்கத்தில் இருந்த எனக்குச் சொல்லாததை முன்பின் தெரியாத சமையல்காரிக்குச் சொல்லிவிட்டார். எனக்கு அவர் மேல் கோபமா, சமையல்காரியான என் மேலேயே பொறாமையா என்று தெரியவில்லை. கண்ணில் தண்ணீர் வந்தது, புகை என்று சொல்லலாம் என்றால் ஸ்டவ்வில் புகையும் இல்லை. உலையைக் கவனிக்கவில்லை, சோறு அடிப்பிடித்துவிட்டது. என் வாழ்க்கையில் நான் அடிப்பிடிக்க விட்ட முதல் சோறு. கார்டு ஐயா அதை இரண்டாம் தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார், நல்ல மனுஷன். உன் அத்தா தட்டைக் கொண்டுபோய் ஆற்றில் தானே கழுவினார், அதுவும் முதல் தடவை.

ஆனால் கண்ணம்மாளுக்கு இதெல்லாம் வேறு மாதிரிப் பட்டிருக்கிறது. இவ்வளவு பாசம் உள்ள மனுஷனை இந்த ஆசியா கண்ணைக் கசக்கி மயக்கப் பார்க்கிறாள் என்று இப்போது கோபம் என் பக்கம் திரும்பிவிட்டது. கல்லட்டி ரோட்டில் ஊட்டிக்கு ஏறும்போது என்னோடு பேசவே இல்லை. அந்த ரோடு எப்படி என்றால், ஏணியைச் சாய்த்து அதன் மேல் தார் ஊற்றின மாதிரி. கீழே வெயில் காய்ந்த காடு, பாதியில் பனி மூட்டம், மேலே போனால் புல் போர்த்தின மொட்டை மலை, மடிப்பு மடிப்பில் மட்டும் கருகருவென்று சோலை. ஒரே நாளில் கோடையும் மார்கழியும் பார்த்துவிட்டேன். திம்பத்தைவிட இங்கே இன்னும் வளைவு அதிகம், கார்டு ஐயா எண்ணினார், உன் அத்தா இந்தத் தடவை வாயே திறக்கவில்லை. ஊட்டியில் எல்லோரும் பூ பார்த்தார்கள், நான் உருளைக்கிழங்கு வாங்கினேன், நல்ல கிழங்கு.

திரும்பும்போது சேலத்தில் இறங்க வேண்டியவர்கள், ஆனால் கண்ணம்மாள் ஏற்காடு வந்தே தீருவேன் என்றார். எதற்கு என்று என்னிடம் சொல்லவில்லை. உன் அத்தாவிடம், உங்க ஊட்டுக்காரியை ஒருதரம் பார்க்கணும், ஒரு சங்கதி சொல்லணும் என்றாராம். உன் அத்தா, வளைவு அதிகம், உங்களுக்கு வாந்தி வரும் என்று சொல்லிப் பார்த்தார், அப்படீன்னா குப்பனூர் வழியாப் போங்க என்றார் அந்தம்மா. குப்பனூரில் டீ குடிக்க நிறுத்தியபோது உன் அத்தா ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றுகிற சாக்கில் என் பக்கம் வந்து, இப்ப என்னடி பண்றது என்றார். டிரைவர் சமையல்காரியை டி போட்டுப் பேசலாமா என்று கேட்டுவிட்டு நான் போய்க் காரில் உட்கார்ந்தேன். எனக்கும் பயம்தான். அந்தம்மா ஒரு வார்த்தை முதலாளி காதில் போட்டால் வேலை போய்விடும், அதற்குப் பிறகு எந்தக் காட்டைப் போய்ப் பார்ப்பது.

கார் நம் வாசலில் நின்றது. நான் பின்பக்கமாகப் போய்விடலாம் என்று திட்டம் போட்டிருந்தேன். ஆனால் ராசாத்தி அக்கா வீட்டிலிருந்து ஜரீனா கார் சத்தம் கேட்டு ஓடி வந்தாள், அத்தாவைத் தாண்டி, கண்ணம்மாளைத் தாண்டி, அம்மா என்று என் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். கண்ணம்மாள் அப்படியே நின்றார். அவர் மனசில் கணக்கு ஓடுவது முகத்திலேயே தெரிந்தது. டிரைவர் வீட்டுப் பிள்ளை சமையல்காரியை அம்மா என்கிறது. கையைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு, “அடிப்பாவி, இந்த ஊட்டுக்கே வந்து போயிட்டிருக்கறியா நீ? இவரு பொண்டாட்டி எங்க, கூப்புடு அவளை” என்றார்.

“நான்தானுங்க” என்றேன்.

கார்டு ஐயாவுக்கு அதற்கு மேல் முடியவில்லை. கார் பானெட்டில் கையை ஊன்றிக்கொண்டு சிரித்தார், வயிற்றுப் புண் வெடித்துவிடுமோ என்று எனக்குப் பயம் வந்தது. யானை மறித்த அன்றைக்கே அவருக்குத் தெரியுமாம். பெண்ணின் பெயர் ஷஹீதா என்று டிரைவர் சொல்லியிருக்கிறார், ஷஹீதா அத்தா என்று சமையல்காரி கத்துகிறாள், இதற்கு மேல் என்ன வேண்டும் என்றார். சொல்லிவிட்டால் மீதிப் பயணத்தில் என்ன சுவாரசியம் என்று பேசாமல் வந்தாராம். கண்ணம்மாள் பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்தார். டீயைக் குடித்தார், இன்னொரு டம்ளர் கேட்டார், அதையும் குடித்தார். அப்புறம் மெதுவாக, “அப்ப இத்தனை நாளா உம் புருசனைப் பத்தி உங்கிட்டயே கோள் சொல்லிட்டு வந்தனா” என்றார். ஆமாங்க, வாய் நீளம்னு அவரு சொன்னதையும் சேர்த்துத்தானுங்க என்றேன். அப்போதுதான் உன் அத்தாவுக்கு அந்த டீ ஏன் வரவில்லை என்று புரிந்தது. அந்தம்மாவும் சிரித்துவிட்டார், சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டார். இறங்கிப் போகும்போது என் கையில் ஒரு சீலையைத் திணித்தார், உன் அத்தாவைப் பார்த்து மட்டும் சிரிப்பை நிறுத்திவிட்டு, ஆத்தங்கரையில எங்ககிட்டச் சொன்னதை அந்தப் புள்ளகிட்டச் சொல்லுங்க, நாங்க கேட்டு என்ன ஆகப்போவுது என்றார்.

முதலாளிக்கு என்ன சொன்னார்களோ என்று இரண்டு மூன்று நாள் வாசலில் சத்தம் கேட்டாலே எட்டிப் பார்த்தேன். அப்புறம் பஸ் கண்டக்டரிடம் இஸ்மாயில் பாய் சேதி சொல்லி அனுப்பினார். அடுத்த மாசம் நாகரஹொளே காட்டுக்கு ஒரு பார்ட்டி இருக்கிறது, அந்தச் சமையல்காரம்மா வந்தால்தான் ஆயிற்று, அந்த டிரைவரைத் தனியாக அனுப்பக் கூடாது என்று ஓமலூர் அம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டுப் போனார் என்று. முதலாளிக்கு விஷயம் தெரியுமா தெரியாதா என்பது எங்களுக்குத் தெரியாது, நாங்களும் கேட்பதாக இல்லை. சின்னனுக்கு வீக்கம் வடிந்துவிட்டது, தன் வேலையை நான் பறித்துக்கொண்டேன் என்று முறைக்கிறான், அவனுக்கு ஊட்டிக் கிழங்கு கொடுத்துச் சமாதானம் செய்திருக்கிறேன்.

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். கையெழுத்துப் போடுவதும் போடாததும் உன் வேலை, உன் படிப்பு, உன் புத்திக்குப் பட்டபடி செய். ஆனால் அத்தா முகம் கொடுக்கமாட்டார் என்பதை மட்டும் காரணத்திலிருந்து அடித்துவிடு. லீவுக்கு வா. வருகிற தேதியை முன்னாலேயே எழுது. மெட்ராஸுக்குக் கார் எடுத்துக்கொண்டு தானே வருவதாக ரேடியேட்டரிடம் சொல்லிக்கொண்டிருந்தார், என் காதில் விழுந்தது. நான் ஆற்றங்கரைச் சங்கதியை உனக்கு எழுதிவிட்டேன் என்று அவரிடம் காட்டிக்கொள்ளாதே, வெட்கத்தில் மறுபடியும் எங்காவது போய் ஒளிந்துகொள்வார்.

வெயிலில் தலையை மூடிக்கொள். பேரீச்சம்பழம் மட்டும் தின்று பசியாற்றாதே. ஐந்து வேளையும் விடாமல் தொழு, நோயாளிகளிடம் கோபப்படாதே, உனக்கு என் வாய் வந்திருக்கிறது. அல்லாஹ் உன்னைக் கண்ணுக்குள் வைத்துக் காப்பாற்றி, சிரித்த முகத்தோடு எங்கள் வாசலில் இறக்க வேண்டும் என்று உன் அத்தாவும் நானும் ஜரீனாவும் கேட்கிற துஆவை அவன் கபூல் செய்யட்டும். ஊறுகாய் தனிப் பார்சலில் வருகிறது, டப்பா கசிந்தால் என்னைத் திட்டாதே.

இன்னும் எழுதத் தாளில் இடம் இருக்கிறது, ஆனால் உறை என் கையில் இல்லை. நான் முடிப்பதற்குள் உன் அத்தா வந்து, விலாசத்தை நான் எழுதறேன் என்று வாங்கிக்கொண்டு போய் ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருக்கிறார். நம்பர் பிளேட்டுக்குப் பெயிண்ட் அடிக்கிற மாதிரி நாக்கைக் கடித்துக்கொண்டு ஒவ்வொரு இங்கிலீஷ் எழுத்தாக எழுதுகிறார். ஜித்தாவில் ஒரு எழுத்து குறைகிறது என்று ஜரீனா சொல்லிப் பார்த்தாள், கேட்கவில்லை. உன் பெயரை மட்டும் எல்லாவற்றையும்விடப் பெரிதாக எழுதியிருக்கிறார். இந்தக் கடுதாசியைப் பிரிக்கும் முன்னாலேயே நீ அதைப் பார்த்திருப்பாய்.

உன் மேல் உயிராக இருக்கும் அம்மா,
ஆசியா